நாற்பத்தைந்து கிராம்

உத்தங்குடி தாண்டி ரிங் ரோட்டோரம் தகரக் கொட்டகை.
காலை ஆறரைக்கு லாரி முதுகில் வந்து நிற்கிறது
மேலூர்ப் பக்கம் கண்மாய் அள்ளிய பொக்லைன்.
ஊர் வண்டலை வாரிய வண்டிக்கு
வயிற்றுக்குள் வண்டல்.
மஞ்சள் விளக்கு எரிந்து, சிவப்பு எரிந்து,
கரைச் சரிவில் முனகி நின்றுவிட்டதாம்.

கிளாம்பைக் கழற்றுகிறேன்.
சென்சார் முனைகளுக்குத் துணி சுற்றுகிறான் அசனார்.
ஃபில்டரை இருவருமாய்த் தூக்கித் தராசில் வைக்கிறோம்.
பத்தொன்பது கிலோ அறுநூற்றுப் பத்து.
புதிதில் என்ன எடை என்று தகட்டில் குத்தியிருக்கிறது:
பத்தொன்பது இருநூறு.

முதலாளி கருத்தபாண்டி டார்ச் அடித்துப் பார்க்கிறார்.
"அங்கிட்டு வெளிச்சமே தெரியலையேம்மா.
கம்பிய விட்டுக் குத்தி எடுத்துரு.
இல்லாட்டி வாட்டர் சர்வீஸ்ல குடுத்து அடிச்சுருவோம்."

தெரியக் கூடாதுண்ணே.
உள்ளே ஆயிரக்கணக்கில் சந்து, அத்தனையும் முட்டுச்சந்து.
இந்தப் பக்கம் திறந்தது அந்தப் பக்கம் அடைப்பு.
புகை சுவரில் ஊறித்தான் அடுத்த சந்துக்குப் போகணும்,
கரியை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு.
வெளிச்சம் தெரிந்தால்தான்
உடைந்திருக்கிறது.

கிளட்ச் ஒயரில் பிரித்த ஒற்றை இழையை விட்டு ஆழம் பார்க்கிறேன்.
பன்னிரண்டு அங்குலச் சந்து எட்டில் முட்டுகிறது.

லேப்டாப் வேறொன்று சொல்கிறது:
தன் கரியைத் தானே எரித்துக்கொள்கிறேன் என்று
இந்த வண்டி பதினொரு தரம் கேட்டிருக்கிறது.
பதினொரு தரமும் ஒரு விரல் நிறுத்தியிருக்கிறது.

"பாத்தியா அவன் வேலைய. சம்பளத்துல பிடிச்சுர்றேன்."

லாரி டயர் நிழலில் குந்தியிருக்கிறான் சுக்ராம் முர்மு.
தும்காவிலிருந்து வந்து மூன்று வருடம்.
பெயர்ச்சொல் வந்துவிட்டது, வினைச்சொல் பாதிதான்.
"வைக்கோல். பெரிசு. அஞ்சடி.
கன்னுக்குட்டி கட்டி இருக்கு.
பைப் நெருப்பு."
அப்புறம் கையைக் காதில் வைத்துக் காட்டுகிறான்:
"பக்கெட் சும்மா, உடனே முதலாளி போன்."

சருகுவலையபட்டி.
ஊர்ப் பேரிலேயே சருகு.
சித்திரை வெயிலில், படப்புக்கு அஞ்சடியில்,
அறுநூறு டிகிரியில் மூச்சு விடுகிற இரும்பு.
லேப்டாப்பில் வைக்கோலுக்கு இடமில்லை.
கன்றுக்குட்டிக்கு எந்தச் சென்சாரும் இல்லை.

ராத்திரி முழுக்க உலையில் வைத்தோம்.
அவசரப்பட்டுச் சூடேற்றினால் பீங்கான் விரியும்.
ஆறியபின் எடை: பத்தொன்பது நானூற்று எண்பது.
பிறகு மூடிய பெட்டிக்குள் காற்றடித்தோம்,
புகை போன திசைக்கு எதிர்த்திசையில்.
கொட்டியது சாம்பல், திருநீறு நிறத்தில்.
பூசுகிற சாமான் இல்லை, அசனாரே, மாஸ்க்கை இறக்காதே.
கண்மாய் வண்டலுக்குக் காடுகரையெல்லாம் வரிசை கட்டும்.
இதை எந்த வயலும் கேட்காது.
பையில் கட்டிச் சீல் வைத்தேன்.

மூன்றாம் எடை: பத்தொன்பது இருநூற்று நாற்பத்தைந்து.

பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்:
நெருப்பில் போனது நூற்று முப்பது கிராம், கரி.
அது சுக்ராமின் விரல். வைக்கோலுக்காக.
பாதி உங்க போனுக்காக.
காற்றில் போனது இருநூற்று முப்பத்தைந்து, சாம்பல்.
நெருப்புக்கும் மசியாதது,
ஆயில் எரிந்து மிஞ்சியது.
கீழமாசி வீதியில் பாதி விலைக்கு வாங்கினீங்களே
ஒரு பேரல், அது.

கருத்தபாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி மாட்டினார்.
"மிச்சம் நாப்பத்தஞ்சு?"

அது வராதுண்ணே. சந்து முனையில் கெட்டித்துவிட்டது.
இனி அந்த எடையோடுதான் ஓடும்.

சுக்ராமைக் கூப்பிட்டுச் சொன்னேன்:
விளக்கு எரிந்தால் கண்மாய் நடுவுக்கு ஓட்டு,
நீ தோண்டிய வெறும் மண்ணுக்கு.
நாற்பது நிமிஷம். போனை எடுக்காதே.
முதலாளி பக்கத்தில் இருக்கையிலேயே சொன்னேன்.
அவர் பில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டி முடித்து டெஸ்டுக்கு ஸ்டார்ட் செய்யச் சொன்னால்
அவன் சாவியைத் தொடவில்லை.
இறங்கி வந்து ஒரு அட்டையை எடுத்து
புகைக்குழாய்ப் பக்கம் கிடந்த வேப்பஞ்சருகை
ஒதுக்கினான்,
எங்கள் கொட்டகை வாசல் வரைக்கும்.