காக்காப்பொன்

ஜூ சியாட்டில் நான் இரவுப்பணி பார்க்கும் விடுதியில்
கீழ்த்தளத்து வரவேற்பறையில் நிற்கின்றன
ஏழு போனோகிராஃபுகள்.
எதுவும் பாடாது.
பாடினால் மூன்றாம் அறையிலிருந்து புகார் வரும்.

ஏப்ரலில், வாசலோரம் இருந்தது ஊமையாயிற்று.
குழலை யாரும் தொடவில்லை.
அத்தனை பெரிய பித்தளைப் பூவை ஏந்தி
பதினாறாம் எண் பேருந்தில் யார் ஏறுவது?
போனது, குழலுக்கடியில் இருந்த
மேரி பிஸ்கட் அளவு வட்டப்பெட்டி.
உள்ளே ஒரு காக்காப்பொன் தகடு.
ஊசியின் நடுக்கம் குரலாவது
அந்தச் சவ்வில்தான்.
சட்டைப்பையில் போட்டால் பை புடைக்காது.

எடுத்தவன் அவசரப்படவில்லை.
கழற்றிய திருகு உருண்டு விழாமல்
ஒரு டிஷ்யூ பாக்கெட்டின்மேல்
அதை வைத்துவிட்டுப் போயிருந்தான்,
உணவங்காடியில் இடம்பிடித்துவிட்டு
கோப்பி வாங்கப் போனவனைப்போல.

கேமராவில் பதினோரு நிமிடம் ஒரு முதுகு.
சாம்பல் நிறச் சட்டை. குனிகிறது, நிமிர்கிறது.
"முதுகுக்கு எங்கே போய்ப் பெயர் கேட்பது?"
என்றாள் காவலுக்கு நிற்கும் ரோஸ்லினா.

முதலாளி யோ வந்து குதித்தார்.
கண்ணாடிப்பெட்டி வைக்கலாமே என்றேன்.
வேண்டாமாம். விருந்தாளிகள் எடுக்கும் படங்களில்
வெளிச்சம் அடிக்குமாம்.
ஆகவே சாவிக்கைப்பிடிகளைக் கழற்றி
என் மேசை இழுப்பறையில் பூட்டினேன்.
குழல் கழுத்துகளை மீன்பிடி நரம்பால்
சுவரோடு கட்டினேன்.
உள்ளே போகும், வெளியே வராத
ஒருவழித் திருகுகள் வாங்கினேன்
(கடைக்காரர் கேட்டார்: கழிவறைக்கதவுக்கா?).
மிச்சமிருந்தது, ஒவ்வொரு உறுப்பிலும்
கண்ணுக்குத் தெரியாத இடத்தில்
விடுதியின் எண்ணைப் பொறிப்பது.

இரவு இரண்டு மணி. பொறிக்கும் பேனா
பல் மருத்துவர் அறைபோல் கீச்சிட்டது.
மூன்று முடிந்தது.
நான்காவது, மாடிப்படி அருகே இருப்பது,
முதலாளியின் செல்லம்.
அதன் வட்டப்பெட்டியைத் திறந்து
விளிம்பின் உட்புறம்,
என்னைத் தவிர யாருக்கும் தோன்றாது
என்று நான் நினைத்திருந்த அதே மூலையில்
பேனாவை வைக்கப்போனேன்.

உருப்பெருக்கியில் எழுத்து.
கடுகளவு. தமிழ்.
ந. கோ. — 6.

ஆறு என்றால் ஐந்து இருந்திருக்கிறது.
எனக்கு முன்பே ஒருவர்
இதேபோல் தூங்காமல் உட்கார்ந்து
மூச்சை அடக்கி
தகடு அதிராமல் கீறியிருக்கிறார்.
அதுவும் போதவில்லை.

காலையில் யோவிடம் கேட்டேன்,
சும்மா கேட்பதுபோல:
நான்காவது எங்கே வாங்கியது?
"சுங்கை ரோட்டுச் சந்தை. மழை பெய்தது.
தார்பாயை மடித்துக்கொண்டிருந்தான்.
வாய் தனியாக, உடம்பு தனியாக.
வாய்க்கு நாற்பது வெள்ளிதான் கொடுத்தேன்."
சிரித்தார். இன்னும் ஈரம் காயாத சிரிப்பு.

நான் சிரித்தேனா என்று நினைவில்லை.
சம்பளம் இருபத்தெட்டாம் தேதி வரும்.

அன்றிரவு மற்ற மூன்றையும் முடித்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
ஏழிலும் எண் உண்டு.
பொய் இல்லை.
ஒருவழித் திருகுகள் ஆறிலும் ஏறின.
நான்காவதுக்கு மட்டும்
பழைய திருகையே போட்டேன்,
கைவிரலால் எவ்வளவு இறுகுமோ
அவ்வளவு.

டிஷ்யூ பாக்கெட் இன்னும் இழுப்பறையில்,
சாவிக்கைப்பிடிகளுக்கு நடுவே இருக்கிறது.
தடயம் என்று ரோஸ்லினா எழுதி ஒட்டியிருக்கிறாள்.
சாம்பல் சட்டை யார் உள்ளே வந்தாலும்
இப்போதெல்லாம் நான்
முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.
பெயரைக் கேட்கிறேன்.
முதலெழுத்தையும்.