பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

மஞ்சள் பையைத் திறந்ததுமே கருகல் வாடை.
பஞ்சநதம் வாய் திறக்குமுன் மிக்ஸி பேசிவிட்டது.

"ரெண்டு மாசத்துல மூணு தடவை பிரஷ் மாத்தியாச்சு, ரெஜினா.
திருத்துறைப்பூண்டில நீதான் பாக்கி."

கையால் ஒரு சுண்டு சுண்டினால் ஓடுகிறதாம்.
சுண்டாவிட்டால் உறுமிக்கொண்டு நிற்கிறதாம்.
ஓடினாலோ
உள்ளே கார்த்திகை.

சுண்டினால் ஓடுகிற மோட்டாருக்கு
எங்கோ ஓரிடத்தில் உயிர் இல்லை.
அதை இப்போதே சொல்லவில்லை.
கழற்றிப் பார்க்காமல் சொல்கிறவர்கள்
ஏற்கெனவே மூன்று பேர்.

அடியில் நாலு திருகு. ஒன்றுக்குத் தலை வழுக்கிவிட்டது,
யாரோ கத்திமுனையால் முயன்றிருக்கிறார்கள்.
பிரஷ் இரண்டும் புதுசு.
ஒன்று கூட்டுக்குள் இறங்காமல் தொண்டையில் நிற்கிறது:
அரத்தில் இரண்டு இழுப்பு.
ஸ்பிரிங்கை விரலால் அமுக்கினேன்.
சூட்டில் வெந்து
திமிரவே மறந்துபோயிருந்தது. அதையும் மாற்றினேன்.

பிறகு கம்யூட்டேட்டர்.
செப்புப் பட்டைகள் இருபத்து நாலு,
நடுநடுவே மயிரிழை அகலத்தில் வாய்க்கால்கள்,
அத்தனையும் கரித்தூளால் மேவிக் கிடக்கின்றன.
"எமரித்தாள் போட்டுத் தேய்ச்சானா?"
"பளபளன்னு ஆச்சே!"
ஆகும்.
அந்தப் பொடி பள்ளத்தில் தங்கி
பட்டைக்குப் பட்டை பாலம் கட்டும்.

ஹாக்சா பிளேடின் உடைந்த துண்டால்
ஒவ்வொன்றாகக் கீறத் தொடங்கினேன்.
பஞ்சநதம் குனிந்தார்.
பொதுப்பணித்துறை லஸ்கர்.
இருபத்தெட்டு வருஷமாக
முள்ளியாற்று மதகுகளின் சாவி அவர் இடுப்பில்.
"இது தூர்வார்ற வேலைல்ல?"
"ஆமா. பில்லு மட்டும் போடமாட்டேன்."
முதலில் சிரிக்கவில்லை.
நாலு வாய்க்கால் தள்ளிச் சிரித்தார்.
"கரையை வெட்டிடாதே" என்றார்.

மீட்டரின் இரண்டு முனைகளை
அடுத்தடுத்த பட்டைகளில் வைத்துக்கொண்டே போனேன்.
ஒன்று புள்ளி ஆறு.
ஒன்று புள்ளி ஆறு.
அவரும் கூடவே எண்ணினார், உதடு அசைய.
ஒன்று புள்ளி ஆறு.
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
முப்பத்தேழு.

நேர்வழி அறுந்தால்
மற்ற இருபத்து மூன்று சுருளையும்
சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.
லென்ஸை வைத்துப் பார்த்தேன்:
கொக்கியை விட்டுக் கம்பி விலகியிருந்தது,
கண் இமை முடி அளவு.
அந்த இடம் வரும்போதெல்லாம் பொறி,
பொறியில் பிரஷ் தேய்வு,
தேய்ந்ததைப் பார்த்தவனெல்லாம் பிரஷ் விற்றிருக்கிறான்.

"மேட்டூர்ல திறந்தாச்சு, கல்லணைல திறந்தாச்சு,
எங்க வயலுக்கு வரலைன்னு போன் வரும்" என்றார்.
"மேட்டூருக்கா ஓடுவேன்?
கரையோரமா நடப்பேன். எங்கயோ ஒரு மடையில
வைக்கோல் அடைச்சிருக்கும்."

எனாமலைச் சுரண்டி, கொக்கியில் ஈயம் வைத்து,
ஜீரோ மணல்தாளைக் கம்யூட்டேட்டரில் சுற்றி
பிரஷின் முகத்துக்கு அதன் வளைவைப் பழக்கி,
மூடப் போகையில்
கரண்ட் போனது.

காத்திருந்தோம்.
"மூணு நாளா பக்கத்து வீட்டு மிக்ஸி" என்றார் இருட்டில்.
"இன்னைக்குக் கேக்க அவளுக்கு வாய் வரலை.
சட்னி இல்லாத இட்லி."
பிறகு ஏதும் பேசவில்லை. கொசு மட்டும்.

முதலில் எதிர்க்கடை ஃபேன் கிறுகிறுத்தது.
சீரிஸ் பல்பைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன்.
பல்பு முழுசாய் எரிந்தால் உள்ளே ஷார்ட்.
அரைகுறையாய்ச் சிவந்தது. போதும்.
பல்பை விலக்கி நேராகக் கொடுத்தேன்.
சுண்டாமலே ஓடியது.

இருவரும் காற்றுத் துளை வழியே பார்த்தோம்.
நீலமாய், ஊசிமுனை அளவில், ஒரு பொறி மிச்சம்.
"அது போகாதா?"
"பிரஷ் இருக்குற வரைக்கும் அது இருக்கும்.
மஞ்சளாகி வட்டம் போட்டா மட்டும் தூக்கிட்டு வாங்க."

இருநூற்று எண்பது. பேரம் பேசவில்லை.
"நாளன்னைக்கு இந்தப் பக்கம் தண்ணி வந்துரும்"
என்றார், யாரும் கேட்காமலே,
சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளியபடி.

தலை வழுக்கிய திருகுக்கு மாற்று கிடைக்கவில்லை.
மூன்றே போட்டு அனுப்பினேன்.
சொல்லவும் மறந்துவிட்டேன்.