மூன்றாவது பிரதி

ஆடியில் முகூர்த்தம் இல்லை.
கேமரா பைக்குள் கிடக்கும்,
நான் டிஸ்க்குகளை எண்ணுவேன்.
மீனாட்சிபுரம் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் தகரம்,
தகரத்துக்குள் பதின்மூன்று.
ஆவுடை நகப்பூச்சால் நம்பர் போட்டிருக்கிறாள், பதினான்கு வரை.
ஒன்பதைத் தேட வேண்டாம்.
வெள்ளம் வந்த அன்று அது மேசைமேல் இருந்தது.

நேற்று ஏழாம் நம்பர் பேச ஆரம்பித்தது.
டிக். டிக். டிக்.
ஆவுடை சுவரை அண்ணாந்து பார்த்து,
"எந்தத் திசையில பல்லி சொல்லுது?" என்றாள்.
பல்லி சொல்லவில்லை.
ஏழு கல்யாணமும் ஒரு பூப்புனித நீராட்டும்
சாகப் போவதாகச் சொல்கின்றன.

முன்பெல்லாம் ஒரு கல்யாணம் ரெண்டு டிவிடியில் அடங்கும்.
இப்போது மாப்பிள்ளை காரைவிட்டு இறங்குவதற்கே
தலைக்கு மேல் ட்ரோன்.
தாலி ஏறும் முன்னே இருநூறு ஜிபி.

மேலப்பாளையத்தில் மீரான் கடை.
"ரெண்டு டிஸ்க் மாட்டுத பெட்டி, பதினாறாயிரம் அண்ணாச்சி."
டிஸ்க்?
"அது தனி."
இலைக்கு ஒரு விலை, சோற்றுக்கு ஒரு விலை.
ஆன்லைனில் மாத வாடகைக்கு வைக்கலாமே என்றான் அவன் பையன்.
என் வீட்டு நெட்டில் ஒரு ரிசப்ஷன் மேலே போய்ச் சேர்வதற்குள்
பொண்ணுக்கு வளைகாப்பு வந்துவிடும்.

மீரான் சிரிக்கவில்லை. கடைக்குப் பின்னால் கூட்டிப்போனான்.
பெருமாள்புரத்தில் மூடிய டியூஷன் சென்டரின் கம்ப்யூட்டர்,
மூவாயிரத்து எண்ணூறு.
ஸ்பேஸ் பட்டனில் யாரோ பிள்ளையின் கட்டைவிரல்
வழவழப்பாய்த் தேய்த்த ஓரம்.
"இது பழசா இருக்கலாம். டிஸ்க் மட்டும் புதுசு போடுங்க.
ஒடம்பு பழசானா ஓடும், ஈரல் பழசானா ஓடாது."

நாலு டிபி, ரெண்டு.
நகைச் சீட்டில் இந்த மாதம் கட்ட வேண்டியதை
அடுத்த மாதம் சேர்த்துக் கட்டுவதாக
ஆவுடை யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுல எழுதுனா மத்ததுலயும் தானா எழுதிரும்.
ஒண்ணு செத்தாலும் ஒண்ணு கெடக்கும்.
ஆனா பாத்துக்கிடுங்க,
ஒண்ணுல அழிச்சா ரெண்டுலயும் போயிரும்.
மூணாவதா ஒரு காப்பி வேற ஊர்ல இருக்கட்டும்."

வேறு ஊர் என்றால் அம்பை.
மச்சினன் தவசியின் வீடு மேட்டில் இருக்கிறது.
நெல் மூட்டைகளுக்குப் பின்னால் எவர்சில்வர் தூக்குவாளி,
அதற்குள் பழைய டிஸ்க்குகளில் நல்லதாய் ஐந்து,
செருப்புப் பெட்டிகளில் சேர்த்த சிலிக்கா பொட்டலங்கள்.
"இதுக்கு வாடகை உண்டா அத்தான்?" என்றான்.
உன் கல்யாணமும் இதில் இருக்கிறது என்றேன்.
"அப்ப தூக்கிட்டுப் போயிருங்க."

ஆவணி பிறக்க நாலு நாள் இருக்கும்போது
இசக்கிசெல்வி போன் செய்தாள்.
பெயர் ஞாபகமில்லை; ஃபோல்டர் ஞாபகம் இருந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி, வள்ளியூர் மண்டபம், மழை.
"கோர்ட்டுல முடிஞ்சிட்டு அண்ணாச்சி.
ஒங்ககிட்ட இருக்கதை அழிச்சிருங்க.
அவங்க வீட்டு ஆளு கேட்டா இல்லைன்னு சொல்லுங்க."

ஒன்றில் அழித்தேன். மற்றதில் தானாக அழிந்தது.
மீரான் சொன்னபடி, ஒரு நொடிகூட ஆகவில்லை.
மூன்றாவதற்கு பஸ் ஏறினேன்.
சேரன்மாதேவி தாண்டியதும் மறுபடி போன்.
"ஒரு எடம் மட்டும் வேணும்.
எங்கப்பா பந்தியில இருக்காங்க,
பாயசம் வேண்டாம்னு
ரெண்டு கையாலயும் எலையை மறைப்பாங்க."

தவசி வீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன்.
ஒன்றே முக்கால் மணி நேரம் தேடினேன்.
வாளிக்காரன் விடாமல் நிற்கிறான்,
அவர் குனிந்து, கைகளை விரித்து, சிரித்து.
பதினோரு செகண்ட்.
வெட்டி எடுத்து அவள் நம்பருக்கு அனுப்பினேன்.
ரெண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.
பிறகு மிச்சத்தை அழித்தேன்.

எவ்வளவு ஆச்சு என்று அவள் கேட்கவில்லை,
நானும் பஸ் காசைக்கூடச் சொல்லவில்லை.
காலியான இடத்தில்
ஆவணி முதல் முகூர்த்தம் ஒன்று, பேட்டை, முழுசாய் உட்காரும்.
பெரிய டிஸ்க்கைத் தை மாதம் பார்க்கலாம் என்று
மீரானிடம் சொல்லிவிட்டேன்.

பதினோரு செகண்டை அழிக்கவில்லை.
எந்த ஃபோல்டரில் போடுவதென்று தெரியாமல்
அது இன்னும் டெஸ்க்டாப்பில் இருக்கிறது,
பிரதி இல்லாமல்.