மூலம் என்ற கட்டம்

காரைக்கால் துறைமுகம், பிற்பகல் மூன்றரை.
எடைமேடை அருகே முப்பத்திரண்டு சாக்குகள்.
பொருள்: உலர்ந்த விதை.
தாவரப் பெயர்: இரண்டு லத்தீன் சொற்கள்,
இரண்டாவதில் ஓர் எழுத்துப் பிழை.
சேருமிடம்: ஹாம்பர்க்.
மூலம்: காட்டில் எடுத்தது / வளர்த்தது.
'வளர்த்தது' மேல் ஒரு சரிக்குறி,
காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி.

மூலம் என்றால் கிழங்கு என்றும் பொருள் உண்டு.
படிவம் அச்சடித்தவருக்கு அது தெரியாது.

கண்வலிப்பூ. மண்ணுக்குள்ளே கலப்பைக்கிழங்கு.
அரைத்துக் குடித்தவர்களுக்கென்று
திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் ஒரு தனி நோட்டு
இருப்பதாகச் சொல்வார்கள்.
அதே விஷம், அளந்து கொடுத்தால்,
கால் பெருவிரல் வீங்கிய ஏதோ ஒரு குளிர்தேசத்தவரை
இரவு தூங்க வைக்கும்.
அவர் மேல் எனக்குக் கோபமில்லை.
எனக்கும் யூரிக் அமிலம் எட்டுப் புள்ளி இரண்டு.

தடைப் பட்டியலை எடுத்தேன்.
செம்மரம் இருக்கிறது. ஆர்க்கிட் இருக்கிறது.
நான் பார்த்தேயிராத பனிமலை வேர்கள் இருக்கின்றன.
இது இல்லை.
வாஞ்சூர் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் அரசு மலர்,
இந்தப் பக்கம் சரக்கு.

பதினோராவது சாக்கைப் பிரிக்கச் சொன்னேன்.
முழங்கை வரை கையை விட்டேன்.
விதைகளுக்கு நடுவே கடல் மணல், ஓர் உடைமுள்,
உருண்டையாய் நாலு புழுக்கை.

"வெளிமானா?" என்றேன்.
ஏஜெண்ட் உத்திராபதி சிரித்தார்.
"ஆடு சார். தோட்டத்துல கிடை போடுறோம்ல."

வெளிமானுக்கும் வெள்ளாட்டுக்கும்
புழுக்கையில் வித்தியாசம் சொல்ல
எனக்குப் பயிற்சி தரவில்லை.
இரண்டும் புல்தான் தின்கின்றன.

மறுபடி கை விட்டபோது
தினசரிக் காலண்டர் தாள் ஒன்று வந்தது.
பின்பக்கம், பென்சிலில்:
தையல்நாயகி, கோடியக்காடு,
நாலு கிலோ, பாக்கி அறுநூறு.

சரணாலயத்துக்குள் எடுத்ததென்று காட்ட
இதைவிட வேறென்ன வேண்டும்.
கோப்பில் இணைத்தால் வழக்கு நிற்கும்.
முதல் எதிரி: தையல்நாயகி, பெண்,
தகப்பன் பெயர் விசாரணையில்.
ஏற்றுமதியாளர் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வருவார்,
வக்கீலோடு.

இணைக்காவிட்டால்
அடுத்த தையிலும் சாக்குகள் வரும்.
விதை போனால் அடுத்த மழைக்கு முளை இல்லை.
விலை ஏறினால் கிழங்கையே தோண்டுவார்கள்,
அப்புறம் மழை வந்துதான் என்ன.
மணல்மேட்டில் வேலியைப் பற்றி ஏறுகிற நெருப்பு
ஒரு கார்த்திகையில் வராமல் போகும்.
அதற்கு எந்தக் கட்டத்தில் சரிக்குறி போடுவது.

உத்திராபதி கடிகாரம் பார்த்தார்.
கப்பல் நாளை விடியலில்.

'வளர்த்தது' என்பதை அடித்தேன்.
'காட்டில் எடுத்தது' என்பதைத் தொடவில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
மூலம் ஐயத்துக்குரியது. வளர்த்த நிலத்தின்
சர்வே எண் தரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது.
உத்திராபதியிடம் சர்வே எண் இருக்காது.
நாளை மறுநாள் ஒன்று இருக்கும்.

இரண்டு நாள்.
ஒரு செடிக்கு நான் வாங்கித் தந்தது அவ்வளவுதான்.

இருட்டியபின் வண்டியை எடுத்தேன்.
பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பெருவிரல் சுள்ளென்றது.
வாஞ்சூரில் டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது.
பாட்டில் தேடுகிறவர்கள். என்னைத் தெரிந்தவர்கள்.
ஆனாலும் கேட்டார்கள்,
"ஏதாவது இருக்கா சார்?"

சட்டைப்பையில் வியர்வையில் ஒட்டிக்கிடந்தது
நாலு கிலோ, பாக்கி அறுநூறு.

"ஒன்றுமில்லை" என்றேன்.