பதினான்கு நாள் கோள்

நாலாம் வருடம். யஸ்னா வ்ராசோவிச்சிடம்
நூற்றுக்கு ஏழு குறைய இரவுகளின் தரவு இருக்கிறது.
ஒரு நட்சத்திரம்
நம் பக்கம் வருகிறது, விலகிப் போகிறது,
வினாடிக்கு ஒன்றரை மீட்டர்:
பால் வாங்கக் கடைக்குப் போகிறவரின் நடை.
பதினான்கு நாளுக்கு ஒருமுறை
அதே இடத்தில் கால் வைக்கிறது.

கூடவே யாரோ நடக்கிறார்கள் என்றுதான்
யாருக்கும் தோன்றும்.

அத்தகாமா மலைமேல், மூன்று கதவுகளுக்கு உள்ளே
காற்றில்லா எஃகுத் தொட்டியில் அவள் கருவி.
அதன் திருகுகளை இரண்டு வருடம் அவளே முடுக்கினாள்.
ஒரு டிகிரியில் ஆயிரத்திலொரு பங்கு சூடேறினால்
நிறக்கோடுகள் நகர்ந்துவிடும்.
மூச்சுக்கூட உள்ளே வரக்கூடாதென்று
அறிவிப்பு எழுதி ஒட்டியதும் அவள்தான்.

கட்டுரைக்குத் தலைப்பு வைத்தாயிற்று.
அம்மாவிடம் மட்டும் போனில் சொன்னாள்.
பேர் வைக்கலாமா, என்றாள் அம்மா.
எண்தான் வைப்பார்கள்.

பிறகொரு விடிகாலை, காப்பி எடுக்கப் போன இடத்தில்
சுவரில் பணிமுறை அட்டவணை.
எட்டு நாள் மலையில், ஆறு நாள் வீட்டில்.
கோப்பையை வைத்துவிட்டு
விரல்விட்டு எண்ணினாள்,
இயற்பியல் பட்டதாரி, எட்டையும் ஆறையும்.

எலியூத்தேரியோ மாமானி, இரவுப்பணி எலெக்ட்ரீஷியன்.
முழங்காலுக்குக் குளிர் ஆகாது.
கருவியறைச் சுவரை ஒட்டி
நாற்காலி, ரேடியோ,
ஆரஞ்சாய்க் கனலும் சின்ன ஹீட்டர்.
அவர் வல்லேநாருக்கு இறங்கினால்
ஆறு நாள் சுவர் ஆறிக்கிடக்கும்.

கோளுக்குத் தமிழில் இரண்டு பொருள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும்
ஒன்றைத் தேடப் போனவள்
மற்றதைச் சொல்லவில்லை யாரிடமும்.
நீள ஒயர் ஒன்று வாங்கி வந்தாள்.
படிக்கட்டுப் பக்கம் போய்விடலாமே,
அங்கே ரேடியோ இரைச்சலில்லாமல் கேட்கும், என்றாள்.
பொய்யில்லை, கேட்டது.

ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம்
பின்னிணைப்பாகச் சுருங்கியது:
"புற வெப்பமூலம். காலச்சுற்று பதினான்கு நாள்."
சுவருக்கு அப்பாலிருந்த ஒரு முழங்கால் வலியைக்
கண்டுபிடித்த கருவி
என்று எழுதி, அழித்தாள்.

கிரகம் கிடைத்ததா மகளே, என்றார் ஒரு நாள்,
ஃப்யூஸ் மாற்றிக்கொண்டே.
கிடைத்தது. பதினான்கு நாளுக்கொருமுறை
வல்லேநார் போய் வருகிறது.
பஸ்ஸிலா, என்றார்.

புதிய தரவில் இன்னும்
வினாடிக்கு நாற்பது சென்டிமீட்டர் மிச்சம் நிற்கிறது.
குழந்தை தவழும் வேகம்.
பேர் யோசிக்கவில்லை.
சமையலறை ஆட்களின் அட்டவணையைக்
கேட்டு வாங்கியிருக்கிறாள்.