கூர்வளைவுக்கு இரண்டு மையம்

ஒலுமடுவில் இறங்கி
வீரைமரங்களுக்குள்ளால் ஒன்றரைக் கட்டை.
குளம் திருத்த வந்த துரை ஒருவன்
பின்னேரத் தேநீருக்கென்று கட்டுவித்தது.
எட்டு மூலை, எட்டு வாசல்,
ஒன்றுக்கும் கதவில்லை.
கோப்பில் அதன் பெயர் கோடை வீடு.
வருசம் முழுக்க வெயில் எரிக்கிற காட்டில்
எந்தக் கோடைக்கு என்று
அவனை ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மன்னாரிலிருந்து வந்த மரிசலீன் மேசன்
கோயில் கட்டிப் பழகிய கை.
கூலிச் சிட்டையில் மற்றவர்களுக்கு நேரே காசு,
அவனுக்கு நேரே அரிசி.
வளைவு ஒவ்வொன்றும்
வெண்டிக்காய் நுனிபோல் மேலே கூர்கிறது.
இறவாரத்து முதிரைப் பலகையில்
துரை மூவிலைத் துளை கேட்டிருக்கிறான்.
ஆசாரி தனக்குத் தெரிந்த மூவிலையை வெட்டினான்:
நடு இலை நீளம்.
வில்வம்.

உச்சியில் கல் இல்லை.
வட்ட வளைவென்றால் தலைக்கு ஒரு கல் வேண்டும்,
இதற்கு ஒரு மூட்டுப் போதும்.
நூற்று முப்பது வருசமாய்
இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே நிற்கிற
அந்த மூட்டுக்குள்ளால்
முசிறு போய்வருகிறது.

ஏழாவது வளைவு விழுந்துவிட்டது.
காரணம் என்ற கட்டத்தில்
"வயது" என்று எழுதும்படி
வவுனியாவில் சொல்லி அனுப்பினார்கள்.
நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

விழுந்ததை முழு அளவில்
தரையில் வரைய வேண்டும்.
இரண்டு ஆணி, ஒரு நூல்,
கணக்கு அவ்வளவுதான்.
முதல் ஆணியை நிறுத்திச் சுத்தியலை ஓங்க,
"நில்லும்!"

ஆடு அவிழ்க்க வந்த திலகநாயகி.
"பதினைஞ்சு சென்ரிமீற்றர் மட்டும்தான் பாத்தவங்கள்.
என்ரை ஆட்டுக்கே நான் முளை அடிக்கிறேல்லை,
தூணிலைதான் கட்டுறது."

ஆணியைப் பார்த்தேன்.
ஐந்தங்குலம். பதின்மூன்று சென்ரிமீற்றர்.
பையில் போட்டேன்.

சீலையைக் கொஞ்சம் ஒதுக்கி
வலது குதியை அவள் புள்ளியில் வைத்தாள்.
"இதிலை கட்டும். இது நோகாது."

கட்டினேன்.
நூல் நாலடி ஆறங்குலம்.
மறுமுனையில் சாம்பல் பொட்டலம்.
நான் குனிந்து சுற்றிவர
அவள் அசையவில்லை,
ஆட்டுக்கு மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.
பிறகு மற்றப் புள்ளிக்கு நடந்தாள், மூன்று எட்டு.
"இப்ப அடுத்த பக்கமோ?"

இரண்டு கோடும் உச்சியில் சந்தித்து
நிற்கத் தெரியாமல்
ஒன்றையொன்று தாண்டிப் போயின.
மிச்சத்தைக் காலால் அழித்தேன்.

படிவத்தில் "தற்போதைய பயன்பாடு":
ஆடு, பதினொன்று.
நிமிர்வதற்குள் ஒரு குட்டி
சாம்பலை நக்க இறங்கிவிட்டது.
"குறுக்காலை போவாளே!" என்று அவள் ஏச,
அது வளைவுக்குக் குறுக்காலேயே போனது.