எட்டுக்குப் பதினாலு

சமாதானபுரத்தில் வீடு கட்டி
மிச்சம் விழுந்தது எட்டுக்குப் பதினாலு அடி,
கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில்.
கொத்தனார் விட்டுப்போன ஜல்லி,
உடைந்த டைல்ஸ் துண்டு, ஒரு ஒற்றைச் செருப்பு.

பிளவுஸ் வெட்டுகிற கைக்கு
வேறெப்படி வரையத் தெரியும்?
பழைய பேப்பரை ஒட்டி விரித்து
தையல் சாக்பீஸால் கோடு போட்டேன்.
நடைபாதை, கழுத்து வளைவு.
காம்பவுண்டு ஓரம் பைப்பிங்.
மீட்டர் பெட்டியை மறைக்க
நாலு மடிப்புக் கொசுவம்.
உடம்புத் துணி சிவப்புதான்:
இட்லிப்பூ, செம்பருத்தி,
கேட்டருகில் ரத்தச் சிவப்பாய்க் கல்வாழை.

குட்டியானை நிறையச் செம்மண் வந்தது.
ஆனியில் நட்டேன்.
குற்றாலத்துக் காற்று மட்டும்
இதுவரை வரும், சாரல் வராது.
ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற ஆற்றுத்தண்ணியில்
துணி அலசியது போக
மீதியெல்லாம் அதற்குத்தான்.

ஆவணியில்
வைத்த கண் எடுக்க முடியாதபடி பூத்துவிட்டது.
ஜெபசிங் பைக்கை நிறுத்தி
ஹெல்மெட்டைக் கழற்றாமலே பார்த்தார்.
"நல்லா தழைஞ்சிருக்கு. எப்போ பூக்கும்?"

நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
விரலைப் பிடித்துக் கல்வாழையில் வைத்தேன்.
"இதுவா? இலைன்னுல்லா நெனச்சேன்."

ரயில்வே வேலைக்குப் போனபோது
புள்ளி புள்ளியாய் ஒரு புத்தகத்தைக் காட்டினார்களாம்.
எல்லோருக்கும் எண் தெரிந்த பக்கத்தில்
இவருக்குப் புள்ளிகள்தானாம்.
பெண் பார்க்க வந்த அன்றே
"கண் டெஸ்ட்ல விட்டுட்டேன்" என்றார்.
கண்ணாடி பவர் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு வருஷம்.
தக்காளியைக் கடைக்காரரையே பொறுக்கச் சொல்வது.
வண்ணாரப்பேட்டை சிக்னலில்
முன்வண்டி நகரட்டும் என்று நிற்பது.
பெயின்ட் கடையில்
டின் நம்பரெல்லாம் மனப்பாடமாய்ச் சொல்வது
(அதைத் திறமை என்று
என் கஸ்டமர்களிடம் பெருமையடித்திருக்கிறேன்).
நிச்சயத்துக்கு நான் கட்டிய சிவப்புப் பட்டை
நல்லாருக்கு என்றாரே,
எந்த நிறத்தைச் சொன்னார்?

கோபம் வந்தது.
யார்மேல் என்று தெரியாமல்
இட்லிப்பூச் செடிகளைப் பிடுங்கி
எதிர்வீட்டு ரஹ்மத் நிஷாவிடம் கொடுத்தேன்.
கல்வாழையும் அவளுக்கே போனது.

அன்று ராத்திரி
வெட்டுத்துணி மூட்டையைத் தரையில் கொட்டினேன்.
"பளிச்சுன்னு தெரியறத எடுங்க."
மஞ்சள் எடுத்தார். நீலம் எடுத்தார்.
வெள்ளையைத் தயங்காமல்.
சிவப்பையும் பச்சையையும்
ஒரே குவியலில் தள்ளி,
"இது பூரா காக்கி" என்றார்.

பிரித்துத் தைப்பது புதிதா எனக்கு?
அதே பேப்பரில், பின்பக்கம்,
இரண்டாவது வெட்டு.
கம்பிக் கிராதியில் சங்குப்பூ.
பைப்பிங்குக்கு டிசம்பர் பூ;
எனக்கு ஊதா, அவருக்கு நீலம்,
சண்டை இல்லை.
கொசுவத்தில் மஞ்சள் செவ்வந்தி.
கேட்டருகில் நந்தியாவட்டை,
கடை அடைத்து இருட்டில் வருகிறவருக்கு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்
படியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.
"அந்த மூலையில ஏழு. இங்க பதினொண்ணு.
தாழ ஒண்ணு ஒளிஞ்சிருக்கு."
காபி ஆறிப்போனது.

செம்பருத்தி ஒன்று மட்டும் நின்றுவிட்டது.
மோட்டார் குழாயடியில் வேர் ஓடிப்போனதால்
பிடுங்க முடியவில்லை.
ஒருநாள் பல் விளக்கிக்கொண்டே கேட்டார்:
"மோட்டார் பக்கம் ஒரு தேன்சிட்டு
வெறும் இலையில தலைகீழாத் தொங்குது.
அங்க ஒண்ணு பூத்திருக்கோ?"

"ரெண்டு" என்றேன்.

செப்டிக் டேங்க் மூடியை ஒட்டி
இரண்டடி இன்னும் காலி.
என்ன வைப்பது என்று தோன்றவில்லை.
பேப்பரில் அந்த இடத்தை
உள்ளே மடித்து வைத்திருக்கிறேன்,
பின்னால் பிரித்துவிட
துணி விடுவோமே, அப்படி.